இரண்டு எலக்ட்ரீஷியன், இரண்டு பதில்: பழைய வயரிங்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பெற்றோர் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். வீட்டுக்கு வயது 45-ஐத் தாண்டிவிட்டது. சில மாதங்களாக வாஷிங் மெஷினை ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது விளக்கு ஒரு நொடி மங்குகிறது. அயர்ன் பாக்ஸ் செருகும் பிளக் பாயிண்ட் பழுப்பேறிவிட்டது. சமையலறை ஃபியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. தம்பி வந்து ஃபியூஸ் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்ட பிறகு போவதே இல்லை. ஒரு எலக்ட்ரீஷியன், 'மொத்தத்தையும் உருவிட்டுப் புது வயரிங் போடணும்' என்றார். இன்னொருவர், 'வயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மெயின் போர்டை மட்டும் மாத்துங்க, போதும்' என்கிறார். சுவிட்ச் போர்டைத் திறந்தபோது உள்ளே கம்பி வெள்ளி நிறத்தில் தெரிந்தது. யார் சொல்வதை நம்புவது? அடுத்து பெயிண்ட் வேலை இருக்கிறது, அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

பதில்:

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. வந்த இருவரில் யாராவது மெகர் (வயரின் உறை எவ்வளவு கசிகிறது என்று காட்டும் கருவி) வைத்து அளந்தார்களா? அளந்திருந்தால் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியிருப்பார்கள், நீங்களும் எழுதியிருப்பீர்கள். ஒருவர் வீட்டின் வயதைப் பார்த்து மாற்றச் சொல்கிறார். மற்றவர் விளக்கு எரிவதைப் பார்த்து வேண்டாம் என்கிறார். இரண்டுமே சரியான சாட்சி இல்லை. கெட்டுப்போன வயரிங்கிலும் விளக்கு பளிச்சென்றுதான் எரியும். கரண்ட் போவதற்குத் தேவை உள்ளே இருக்கும் உலோகம். அது லேசில் கெடாது. கெடுவது அதைச் சுற்றியிருக்கும் உறை, முனைகளில் இருக்கும் இணைப்புகள், அப்புறம் எர்த். இந்த மூன்றும் என்ன நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

அதைப் பார்ப்பதற்கு முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

முதலில் வாஷிங் மெஷின். காலில் செருப்போடு, உலர்ந்த கையால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். எர்த் சரியாகும் வரை அதைத் தொட வேண்டாம். அந்த 'சுருக்' இரண்டு காரணங்களால் வரலாம். இப்போதைய மெஷின்களில் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கும். அதிலிருக்கும் சிறு கெபாசிட்டர்கள் வழியே மிகக் குறைந்த அளவு கரண்ட் மெஷினின் உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அது பேசாமல் எர்த்தில் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் உடம்பிலேயே நின்று, தொடும்போது லேசாக இழுக்கும். இது தொந்தரவு, அவ்வளவுதான். இன்னொரு காரணம், மோட்டாரிலோ உள்ளிருக்கும் ஹீட்டரிலோ உறை பழுதாகி ஃபேஸ் கசிவது. இது ஆளைக் கொல்லும். விரல் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு: எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் உங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. ஆக, உங்கள் வீட்டில் அந்த பாயிண்ட்டிலாவது எர்த் வேலை செய்யவில்லை என்பது எந்த மீட்டரும் இல்லாமலே உறுதியாகிவிட்டது.

டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு 'லேசாத்தான் எரியுது, ஒண்ணும் இல்லை' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நியான் டெஸ்டர் துளிக் கரண்டிலும் எரியும். நீங்கள் நிற்கும் தரை, போட்டிருக்கும் செருப்பு, அறை வெளிச்சம் இவற்றைப் பொறுத்து ஆபத்தான இடத்தில் எரியாமலும் போகும்.

அடுத்து, தம்பி போட்ட ஃபியூஸ். அவர் மேல் கோபப்பட வேண்டாம், பழைய வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கைவைத்தியத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபியூஸ் கம்பி மெல்லிசாக இருப்பது, சுவருக்குள் இருக்கும் கம்பி சூடாவதற்குள் அது உருகிவிட வேண்டும் என்பதற்காகத்தான். இரட்டையாக முறுக்கினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்டை விட்டுவிடும். கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பியில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு. இப்போது உங்கள் சமையலறை சர்க்யூட்டில் முதலில் உருகப்போவது எது என்றால், சுவருக்குள் இருக்கும் வயர். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பழைய அளவு ஃபியூஸ் கம்பியைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அது அடிக்கடி போகும், போகட்டும். இப்போதைக்கு சமையலறையில் ஒரு நேரத்தில் ஒரு பெரிய சாதனத்தை மட்டும் ஓட்டுங்கள். ஒன்றை மட்டும் ஓட்டும்போதும் ஃபியூஸ் போனால், அது இந்த சர்க்யூட்டுக்கு ஏற்ற சாதனம் இல்லை, வேலை முடியும் வரை ஓரமாக வையுங்கள்.

சரி, இனி நீங்கள் சொன்ன மற்ற அறிகுறிகள்.

ஃபிரிட்ஜ் தொடங்கும்போது விளக்கு மங்குவது இருப்பதிலேயே கவலை குறைந்தது. எந்த மோட்டாரும் தொடங்கும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். அந்த ஒரு கணம் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், விளக்கு கண் சிமிட்டும். புது வீட்டிலும் இது நடக்கும். மங்கியது மங்கியபடியே நின்றாலோ, ஃபிரிட்ஜோடு சம்பந்தமில்லாமல் விளக்குகள் துடித்தாலோதான் யோசிக்க வேண்டும். அதிலும் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஒரு அறையில் விளக்கு மங்கும்போது இன்னொரு அறையில் விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால், காத்திருக்காமல் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கழன்றால் இப்படி ஆகும். லோடு குறைவாக இருக்கும் ஃபேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறி, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் எரித்துவிடும்.

பழுப்பேறிய பிளக் பாயிண்ட் அப்படி இல்லை. அதைக் கவனிக்க வேண்டும், ஆனால் அது மொத்த வீட்டு வயரிங்கைப் பற்றிய செய்தி இல்லை. பெரும்பாலும் அந்த ஒரு இடத்தில் திருகு தளர்ந்திருக்கும், அல்லது சாக்கெட்டின் உள்ளே பின்னைக் கவ்வும் தகடு விரிந்திருக்கும். அந்த இடத்தில் வெறும் 0.3 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். 10 ஆம்பியர் போகும்போது அங்கே 30 வாட் சூடு பிறக்கும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றை சுவிட்ச் பெட்டிக்குள் வைத்து மூடியதைப் போலத்தான். வோல்டேஜில் குறைவது 3 வோல்ட் மட்டும் என்பதால் அயர்ன் பாக்ஸ் வழக்கம்போலச் சுடும், உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. ஃபியூஸாலோ, ஃபியூஸுக்குப் பதிலாக இப்போது போடும் தானாக அணையும் சுவிட்சான எம்சிபியாலோ இந்தத் தளர்ந்த இணைப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது. அவை பார்ப்பது எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை மட்டும். தளர்ந்த திருகால் கரண்ட் கூடுவதில்லை. 'மெயின் போர்டை மாத்தினா போதும்' என்ற இரண்டாவது ஆளின் பதில் இங்கேதான் பிடி நழுவுகிறது. எத்தனை விலையுயர்ந்த எம்சிபி போட்டாலும் அந்தப் பழுப்பு கறுப்பாவது நிற்காது. அந்த சாக்கெட்டை மாற்றும்போது, உறை கருகிய அளவுக்கு வயரையும் வெட்டிவிட்டு நல்ல இடத்திலிருந்து இணைக்க வேண்டும். வெட்டிய பிறகு நீளம் பற்றாவிட்டால், போர்டுக்குள் துண்டு வயரை முறுக்கி டேப் சுற்றுவது தீர்வு இல்லை. அந்த வயரையே புதிதாக இழுக்க வேண்டும்.

இதே இனத்தைச் சேர்ந்த வேறு அறிகுறிகளையும் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சுவிட்ச் போடும்போது உள்ளே 'சிர்ர்' என்ற சத்தம். பெரிய சாதனம் அரை மணி நேரம் ஓடிய பிறகு, புறங்கையை வைத்தால் சுவிட்ச் பிளேட் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுவது. பிளக்கைப் பிடுங்கினால் பின் சூடாக இருப்பது. அப்புறம் வாடை: எங்கிருந்து என்றே தெரியாமல் கெட்ட மீன் வாடை அடிக்கிறது என்று சொல்லிப் பலர் கூப்பிட்டிருக்கிறார்கள். சுவிட்ச், ஹோல்டர் முதலியவற்றில் வரும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அப்படித்தான் நாறும். எலி செத்திருக்கும் என்று அலமாரியை நகர்த்துவதற்கு முன்னால் பிளக் பாயிண்டுகளை மோந்து பாருங்கள்.

இனி அந்த வெள்ளி நிறக் கம்பி. நீங்கள் எழுதியதில் முடிவைத் தீர்மானிக்கும் தகவல் இதுதான் என்பேன்.

வெள்ளி நிறம் என்றால் அலுமினியம் என்று உடனே சொல்லிவிட முடியாது. ரப்பர் உறை போட்ட பழைய வயர்களில் செம்புக் கம்பிக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரிக்கும், அதைத் தடுப்பதற்காக. மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகு எலக்ட்ரீஷியன் ஒரு பிளேடால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழே சிவப்பு தெரிந்தால் செம்பு, உள்ளும் வெள்ளையாகவே இருந்தால் அலுமினியம். உங்கள் வீட்டின் காலத்தைப் பார்த்தால் அலுமினியமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1960களிலும் 70களிலும் செம்பு விலை ஏறியபோது பல நாடுகளில் வீட்டு வயரிங்குக்கு அலுமினியத்தைப் போட்டார்கள்.

அலுமினியம் கம்பியின் நடுப்பகுதி பிரச்சினை செய்வதில்லை. முனைகள்தான் செய்யும். காற்றுப் பட்டதும் அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகும், அது கரண்டைக் கடத்தாது. திருகின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல மெல்ல நசுங்கி இடம் கொடுக்கும். இன்று இறுக்கிய திருகு சில வருடங்களில் தானாகத் தளரும். சூட்டில் செம்பைவிட அதிகம் விரிந்து சுருங்குவதால் தளர்வு இன்னும் வேகமாகும். நடுவில் யாராவது செம்பு வயரை அலுமினியத்தோடு நேரடியாக முறுக்கி இணைத்திருந்தால், ஈரம் பட்ட இடத்தில் அந்த இணைப்பு அரித்தே போகும். இது போதாது என்று, ஒரே தடிமனில் செம்பு கடத்தும் அளவுக்கு அலுமினியம் கடத்தாது. 1.5 சதுர மி.மீ. அலுமினியம் என்பது தோராயமாக 1 சதுர மி.மீ. செம்புக்குச் சமம்.

இதை உங்கள் சமையலறையோடு வைத்துப் பாருங்கள். அந்த சர்க்யூட்டைப் போட்டபோது அங்கே ஒரு விளக்கு, ஒரு விசிறி, மிஞ்சினால் ஒரு மிக்ஸி இருந்திருக்கும். 5 ஆம்பியர் தாராளம். இன்று 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்கும். கூடவே மைக்ரோவேவ் ஓடினால் 14 பக்கம் போகும். உங்கள் ஃபியூஸ் வயர் கெட்டதால் போகவில்லை, தன் வேலையைச் செய்ததால் போனது. இந்த ஒரு காரணத்துக்காகவே, மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், சமையலறைக்கு மெயின் போர்டிலிருந்து தனியாகப் புது வயர் இழுத்தாக வேண்டும். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர், ஏசி இவற்றுக்கும் அப்படியே.

உறையைப் பற்றிச் சொல்கிறேன். பழைய வயர்களை மூன்று தலைமுறையாகப் பிரிக்கலாம். ரப்பர் மேல் துணி சுற்றியது முதல் தலைமுறை. மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டியிருப்பார்கள், அல்லது மரக் கேசிங்குக்குள் போயிருக்கும். இது உங்கள் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் சோதனை எல்லாம் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். அந்த ரப்பர் காய்ந்து இறுகி, தொட்டால் மாவாக உதிரும். தொடாமல் இருக்கும் வரை கம்பியின் மேல் ஒட்டிக்கொண்டு நல்ல வயர் போல நடிக்கும். அடுத்தது பழைய பிவிசி. இதை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வருடக்கணக்கில் வெளியேறிவிடும், உறை விறைத்துப்போகும். 1960, 70களில் போட்ட சில பிவிசி வயர்களில் அந்தப் பொருள் செம்போடு வினைபுரிந்து, பிசுபிசுப்பான பச்சைத் திரவமாக சாக்கெட்டுக்குள் வடிந்திருப்பதைப் பார்க்கலாம். பச்சை வடிந்தால் அந்த வயரின் காலம் முடிந்தது. மூன்றாவது, பிந்தைய பிவிசி. அளவான லோடில் ஓடியிருந்தால் 40 வருடத்துக்குப் பிறகும் வளைத்தால் வளையும். அதை வயதைக் காட்டிப் பிடுங்கி எறிவதை நான் ஆதரிப்பதில்லை.

சூடுதான் பிவிசியின் எமன். வீட்டு வயரிங்குக்கான சாதாரண பிவிசி 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்படி செய்யப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஒரே வருடத்தில் போட்ட வயர், படுக்கையறையில் புதுசு போலவும் சமையலறையில் கருகியும் இருப்பது இதனால்தான். அதனால் ஒரே ஒரு போர்டைத் திறந்து பார்த்துவிட்டு மொத்த வீட்டுக்கும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

எங்கே பார்ப்பது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. குண்டு பல்பு வருடக்கணக்கில் எரிந்த ஹோல்டருக்கு மேலே போகும் வயர் எப்படியும் காய்ந்து நொறுங்கியிருக்கும், பல்பின் சூடு அப்படி. முதல் எலக்ட்ரீஷியன் அதைக் காட்டி 'பாருங்க, உதிருது' என்று சொல்லியிருந்தால் அது முழு உண்மை இல்லை. அந்தக் கடைசி ஒரு அடியைத் தாண்டி, குழாய்க்குள்ளிருந்து வரும் வயரைச் சாண் நீளம் வெளியே இழுத்து, அதை வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சமையலறை, குளியலறை, மாடியின் கடைசி அறை, மெயின் போர்டு என்று நாலைந்து இடங்களில் பார்த்தால் போதும். வளைத்ததும் வெடித்தாலோ, வெள்ளையாகக் கோடு விழுந்தாலோ அந்த சர்க்யூட் போக வேண்டியது. எலி கடித்த தடம் இருக்கிறதா என்று மச்சு, பொய்க்கூரை மேலேயும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியருக்குள் வெள்ளையாக நார் போன்ற அட்டை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டாமல், ஊதாமல், முழுசாகக் கழற்றி எடுக்க வேண்டும்.

இதெல்லாம் எலக்ட்ரீஷியனின் வேலை, நீங்கள் போர்டைத் திறக்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும், மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச் வரை வரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது அளவீடு. மெகர் என்று சொல்லும் கருவி 500 வோல்ட் டிசியைச் செலுத்தி, உறை எவ்வளவு கசிகிறது என்று மெகாஓம் கணக்கில் காட்டும். ஒவ்வொரு சர்க்யூட்டாக, ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் பார்க்க வேண்டும். ஐஇசி 60364 என்ற சர்வதேசத் தரம் 1 மெகாஓமைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. நல்ல வயரில் நூற்றுக்கணக்கில் காட்டும். 2, 3 என்று வந்தால் காகிதத்தில் பாஸ், ஆனால் நான் நிம்மதியாகத் தூங்கமாட்டேன். பக்கத்து சர்க்யூட் 200 காட்டும்போது இது மட்டும் ஏன் 3 என்று தேடுவேன். மழைக்காலத்தில் மட்டும் இறங்குகிறது என்றால் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று அர்த்தம். முதலில் கட்டட வேலை, பிறகுதான் வயர்.

அளக்கும்போது பக்கத்தில் நின்று ஒன்றைக் கவனியுங்கள். எல்லாப் பிளக்கும் பிடுங்கியிருக்க வேண்டும், பல்புகள் கழற்றியிருக்க வேண்டும், விளக்கு சுவிட்சுகள் ஆன் நிலையில் இருக்க வேண்டும். சாதனங்களை இணைப்பிலேயே விட்டுவிட்டு அளந்தால் எண் படுமோசமாக வரும், 'பார்த்தீங்களா, மொத்தமும் போச்சு' என்று சொல்வதற்கு வசதியாக இருக்கும். தவிர, எல்இடி விளக்குகளும் மற்ற மின்னணுச் சாதனங்களும் அந்த 500 வோல்ட்டில் கெட்டுப்போகலாம். எதிர்ப்பக்கமும் ஒரு எச்சரிக்கை: உறை காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்தாலும், வறண்ட நாளில் யாரும் தொடாமல் அளந்தால் மெகர் அருமையான எண்ணைக் காட்டும். அதனால் வளைத்துப் பார்த்ததும் மெகர் எண்ணும் இரண்டும் நல்லதாக இருந்தால் மட்டுமே வயரை விட்டுவைக்கலாம்.

எர்த்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மூன்று துளை சாக்கெட் இருக்கிறது என்பதற்காக எர்த் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பல பழைய வீடுகளில் அந்தப் பெரிய துளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. இருப்பதிலேயே மோசமானது, அதை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கி வைத்திருப்பது. அந்த நியூட்ரல் எங்காவது கழன்றால், சாதனத்தின் உலோக உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். அணைத்துத்தான் இருக்கிறது என்று நம்பித் தொடுவோம். இரும்புக் குழாயையே எர்த்தாக வைத்து வயரிங் செய்த காலமும் உண்டு. குழாயின் இணைப்புகள் துருப்பிடித்ததும் எர்த் வழியிலேயே அறுந்துவிடும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டியிருந்தால், பின்னாளில் எங்காவது பிளாஸ்டிக் குழாய் மாற்றிய அன்றே அது போயிருக்கும். உங்கள் வாஷிங் மெஷின் கதை இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கூடவே, விளக்கு சுவிட்சுகள் ஃபேஸில் இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருந்தால், அணைத்துவிட்டு பல்பு மாற்றும்போதும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும்.

அளவுகள் கைக்கு வந்த பிறகு முடிவெடுப்பது கடினமில்லை. கம்பி அலுமினியம் என்றால் முழுதாக மாற்றுங்கள். முதல் எலக்ட்ரீஷியன் காரணம் சொல்லாமல் சொன்ன பதில் சரியாகிவிடும். கம்பி செம்பு, ஆனால் எந்த பிளக் பாயிண்டுக்கும் எர்த் வயர் வரவில்லை என்றால், எர்த்தை மட்டும் தனியாக இழுப்பதற்கும் மூன்று வயரையும் புதிதாக இழுப்பதற்கும் உழைப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது; பிளக் சர்க்யூட்டுகளை முழுதாக மாற்றுவதே புத்திசாலித்தனம். செம்பு, உறை வளைகிறது, மெகர் நூற்றுக்கணக்கில் காட்டுகிறது, எர்த் பல இடங்களில் இருக்கிறது என்றால், விளக்கு, விசிறி சர்க்யூட்டுகளை அப்படியே விட்டுவிடலாம். புது மெயின் போர்டு, புது எர்த், சமையலறைக்கும் ஹீட்டருக்கும் ஏசிக்கும் தனி சர்க்யூட், இவை போதும். கடிதத்தை மட்டும் வைத்து என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால் நான் முழு மாற்றத்தின் பக்கம்தான் கட்டுவேன். ஆனால் பணம் உங்களுடையது, அதனால் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த வழியானாலும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். எம்சிபி வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது இதுதான். ஃபேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும், 30 மில்லிஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். பழைய வயரிங்கில் இதைப் பொருத்தியதும் நிற்காமல் ட்ரிப் ஆகலாம். அப்போது 'இது இந்த வீட்டுக்கு ஒத்துவராது' என்று கழற்றிவிடுவார்கள், விடாதீர்கள். ஒன்று, எங்கோ நிஜமாகவே கசிகிறது. இல்லாவிட்டால் ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், பழைய வீடுகளில் இது சர்வசாதாரணம். எதுவானாலும் ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்தால் ஆள் அகப்பட்டுவிடுவார். சில நாட்டுத் தயாரிப்புகளில் மாதம் ஒரு முறை, சிலவற்றில் சில மாதங்களுக்கு ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கூடவே வரும் தாளில் இருப்பதைப் பின்பற்றுங்கள். அழுத்தியும் ட்ரிப் ஆகவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும்.

பெயிண்ட் வேலையைத் தள்ளிப்போடுங்கள். சுவருக்குள் இருக்கும் குழாய் அடைபடாமல், துருப்பிடிக்காமல் இருந்தால் பழைய வயரோடு புது வயரைக் கட்டி இழுத்துவிடலாம், சுவரை உடைக்கும் வேலை குறையும். பல இடங்களில் அடைத்திருக்கும், அங்கே வெட்டித்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வசதிப்படவில்லை என்றால் எர்த், மெயின் போர்டு, ஆர்சிசிபி முதலில், குளியலறையும் சமையலறையும் அடுத்து, மற்ற அறைகளின் பிளக் பாயிண்டுகள் அதற்கடுத்து, விளக்குகள் கடைசியில். அலுமினியம் அறையும் செம்பு அறையும் கொஞ்ச காலம் சேர்ந்து இருக்க நேர்ந்தால், இரண்டையும் நடுவழியில் எங்கும் முறுக்கி இணைக்காமல் மெயின் போர்டிலேயே தனித்தனி சர்க்யூட்டாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

புது வயர் செம்பாக இருக்கட்டும்: பொதுவாக விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ., பிளக் பாயிண்டுகளுக்கு 2.5, ஹீட்டருக்கும் ஏசிக்கும் 4. தூரத்தையும் லோடையும் பார்த்து இது மாறலாம். எம்சிபி எத்தனை ஆம்பியர் என்பதை வயரின் தடிமனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், சாதனத்தின் பெருமையைப் பார்த்து அல்ல. சுவரை மூடிப் பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னாளில் ஆணி அடிக்கும்போது உதவும். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சர்க்யூட்டின் மெகர் அளவு, எர்த் அளவு, ஆர்சிசிபி எத்தனை மில்லிநொடியில் துண்டித்தது என்ற மூன்றையும் தேதி போட்டு, கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். எந்த எம்சிபி எந்த அறைக்கு என்ற பட்டியலை போர்டின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.